டார்க் ரெஞ்ச் துணைக்குழு

பிரிசில்லாவின் தாடை, கிள்ளை ஊருக்கு வெளியே சாலையில் கிழிந்தது. பிச்சாவரம் வரை சைக்கிளில் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியதும் ஹேண்டில்பார் அவள் கைகளோடு சேர்ந்து கீழே சுழன்றது. அவளும் சுழன்றாள். ரத்தம் கழுத்து வழியாக ஜெர்சிக்குள் இறங்கிக்கொண்டிருக்க, பின்னால் வந்த மிதிவண்டியாளர் பேரவை உறுப்பினர்கள் நின்று, முதலில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவர் கியரை மாற்றிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்றார்.

அவளுக்குச் செம்மண்டலத்தில் வீடு. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை. தினமும் அந்தச் சைக்கிளில்தான் வேலைக்குப் போவாள். தான் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருத்துவமனையிலேயே தையல் போட்டுக்கொண்டு, மறுநாள் வாயைத் திறக்க முடியாமல் கணவன் சார்லஸைப் பார்த்தாள். ஹேண்டில்பாரை மாட்டியது அவன்.

"நான் முடுக்கிதான்மா வுட்டேன். கைக்கு டைட்டாதான் இருந்துச்சு" என்றான் சார்லஸ்.

சார்லஸ் ஒரு கல்லூரியில் நூலகர். யாரிடமும் குரலை உயர்த்தாதவன். குற்ற உணர்ச்சி தாங்காமல் அன்று மாலையே ஸ்பேனரை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நான்கு போல்ட்டையும் முடுக்கினான். 'சடக்' என்று ஒரு சத்தம். கார்பன் ஹேண்டில்பாரில் நகக்கீறல் போல ஒரு விரிசல் விழுந்தது. அத்துடன் அது குப்பைக்குப் போனது.

திருப்பாதிரிப்புலியூர் சைக்கிள் கடைக்காரர் புது ஹேண்டில்பாரைத் துணி சுற்றிக் கொடுத்தார். "இது கார்பன்க்கா. லூசா வுட்டா சுத்திக்கும். ஜாஸ்தி முடுக்குனா வெடிச்சிக்கும். இவ்ளோதான் முடுக்கணும்னு காட்டுற டார்க் ரெஞ்ச்னு ஒண்ணு இருக்கு. வூட்டுல வாங்கி வச்சிக்குங்க" என்றார்.

"எதுங்க நல்லது?"

"நான் கடைக்கு ஒண்ணு வச்சிருக்கேன். வூட்டுக்கு எதுன்னு உங்க பேரவைல கேளுங்களேன். பெரிய பெரிய ஆளுங்கள்லாம் இருக்காங்க."

கடலூர் – சிதம்பரம் மிதிவண்டியாளர் பேரவையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களைவிடப் பொறுப்பாளர்கள் அதிகம். ஓட்டுகிறவர்களிலும் பாதிப் பேர் பொறுப்புக் கிடைக்கும்வரை ஓட்டுகிறவர்கள். பிரிசில்லா பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டாள்: "வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு டார்க் ரெஞ்ச் வாங்க வேண்டும். எது நல்லது?"

முதலில் ரோஜாப் பூக்கள் வந்தன. பிறகு செயலாளர் செந்தமிழ்செல்வனின் பதில் வந்தது: "க்ளிக் வகை. வேறு பேச்சுக்கே இடமில்லை." தலைவர் ராமாமிர்தம் உடனே எழுதினார்: "முள் வகை. செயலாளர் தம் வரம்பை மீறுகிறார்."

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய ரகசியம் இல்லை. க்ளிக் வகையில் வேண்டிய அளவை முன்கூட்டியே திருகி வைத்துவிட்டால், போல்ட் அந்த அளவுக்கு முடுகியதும் 'க்ளிக்' என்று சத்தம் வரும், நிறுத்திக்கொள்ளலாம். முள் வகையில் சத்தம் கிடையாது. ஒரு முள் நகர்ந்து அளவைக் காட்டும். கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டும். இரண்டிலும் போல்ட் முடுகும். ஆனால் அன்று மதியத்துக்குள் பேரவை இரண்டாக உடைந்திருந்தது. மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில், அதுவரை ஒரே பைக்கில் வந்துபோகும் இரண்டு உறுப்பினர்கள், சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது பேச்சு வந்து, ஒருவரையொருவர் செருப்பால் அடித்துக்கொண்டார்கள். இருவருமே டார்க் ரெஞ்சைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை.

தலைவர் துணைக்குழு அமைத்தார். துணைக்குழு முடிவு சொல்லும்வரை உறுப்பினர்கள் யாரும் தங்கள் சைக்கிளில் எந்தப் போல்ட்டையும் தொடக்கூடாது என்று அறிவித்தார். மறுநாள் பேரவைப் பொருளாளர் கொளஞ்சியப்பன் ஒரு குட்டி யானை வண்டியோடு பிரிசில்லா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சைக்கிள எடுத்துக்கினு போவச் சொன்னாங்கம்மா."

"எதுக்குங்க?"

"சான்றுப் பொருளாம்."

"நான் வேலைக்கு எப்படிங்க போறது?"

கொளஞ்சியப்பன் நல்ல மனிதர். அரசாங்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். யார் எதைச் சொன்னாலும் செய்துவிட்டு வருத்தப்படுவார். இப்போதும் வருத்தப்பட்டுக்கொண்டே சைக்கிளையும் துணி சுற்றிய ஹேண்டில்பாரையும் வண்டியில் ஏற்றினார். "ஷேர் ஆட்டோ நிறைய ஓடுதும்மா" என்றார்.

துணைக்குழு செம்மண்டலத்தில் ராமாமிர்தம் வீட்டு மாடியில் கூடியது. பிரிசில்லாவை 'சம்பவத்துக்குக் காரணமானவர்' என்ற முறையில் அழைத்திருந்தார்கள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. அவள் சைக்கிள் நடு ஹாலில், தலைகீழாக, ஒரு பெட்ஷீட் மேல் கிடந்தது.

ராமாமிர்தம் அரசாங்கத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நான் எத்தனையோ பாலம் கட்டியிருக்கேன். ஒரு பாலத்துலயாவது டார்க் ரெஞ்ச் வச்சி போல்ட் முடுக்கியிருப்பேனா? இல்ல. அதனாலதான் அதோட அருமை எனக்குத் தெரியும். நான் கட்டுனதுல ரெண்டு பாலம் இன்னும் நிக்குது. யாரு வேணா போயி பாத்துக்கலாம். மேல மட்டும் ஏற வேணாம்."

கைதட்டினார்கள். செந்தமிழ்செல்வன் எழுந்தார். மனை வியாபாரம் செய்பவர். அவருடைய மச்சான் புதிதாக ஆரம்பித்த கடையில் க்ளிக் வகை ரெஞ்ச் பெட்டி பெட்டியாக இறங்கியிருந்தது.

"தலைவர் மூத்தவர். அவரு கண்ணுல புரை இருக்கு. முள்ளு எங்க நிக்குதுன்னு அவரால பாக்க முடியாது. நான் அத குறையா சொல்லல. என்னைப் பத்தியும் சொல்றேன். நான் சைக்கிளே ஓட்டுறது இல்ல. முட்டி வலி. ஓட்டுறவனுக்குத் தன் சைக்கிள் மேல பாசம் வந்துடும். ஓட்டாதவன்தான் நடுநிலையா முடிவெடுக்க முடியும். அந்தத் தகுதில சொல்றேன், க்ளிக்."

பிரிசில்லா தையல் இழுக்க இழுக்க மெல்ல வாயைத் திறந்தாள். "சார், எனக்கு வூட்டுல வச்சிக்க ஒண்ணு போதும் சார். சின்னதா இருந்தாகூட..."

"வாங்கறதுக்கு முன்னாடி அதுக்குப் பேர் வைக்கணும்" என்றார் ராமாமிர்தம். "தமிழ்ல பேர் இல்லாத கருவிய பேரவை அங்கீகரிக்காது. 'முறுக்குவிசைத் திருகி'ன்னு நான் முன்மொழியறேன்."

"முறுக்குன்னா எவனாவது டீக்கு வச்சிக் கடிச்சிப்புடுவான்" என்றார் செந்தமிழ்செல்வன்.

முறுக்கு அப்போது டீயோடு எல்லார் கையிலும் இருந்தது. ராமாமிர்தம் தன் கையிலிருந்ததைச் செயலாளர் முகத்தில் எறிந்தார். செயலாளர் தட்டையே எறிந்தார். தட்டு தலைவர் வரை போய்ச் சேராமல், இரண்டு தரப்புக்கும் பொதுவாக நடுவில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியப்பனின் வாயில் பட்டது. முன்பல் ஒன்று பெட்ஷீட்டில் விழுந்து, சைக்கிள் செயினுக்குப் பக்கத்தில் கிடந்தது. பல் விழுந்த விஷயத்தைக் கூட்டக் குறிப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று வாக்கெடுத்தார்கள். வேண்டாம் என்று முடிவானது. கொளஞ்சியப்பனும் வேண்டாம் என்றே கைதூக்கினார். மற்றொரு கையால் வாயைப் பொத்தியிருந்தார்.

டார்க் ரெஞ்ச் பற்றிய முடிவு சிதம்பரத்தில் பொதுக்குழுவில் எடுக்கப்படும் என்று தள்ளிவைத்தார்கள்.

பிரிசில்லா ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போய்வந்தாள். தாடைத் தையலைப் பிரித்தார்கள். ஆனால் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் கைகள், அங்கே இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்தன. பயம் உடம்பில் ஊறிவிடுவதற்கு முன் ஒருமுறையாவது ஏறி ஓட்டிவிட வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. "கடலூர்ல இருக்கற போலீசுக்குச் சொல்லி சைக்கிள வாங்கிடலாம்" என்றான் சார்லஸ். "நல்லவங்கதான், அவங்களே குடுப்பாங்க" என்றாள் அவள். அப்போது அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது.

பொதுக்குழு சிதம்பரம் மேல வீதியை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரங்கள் வாசலில் இன்னும் நின்றிருந்தன. வாசலுக்கு இடப்புறம் முள் அணி, வலப்புறம் க்ளிக் அணி. இரண்டு அணியினரும் தங்கள் தங்கள் டார்க் ரெஞ்சைக் கையில் ஏந்தி வந்திருந்தார்கள். முள் வகை முழங்கை நீளம் இருந்தது. க்ளிக் வகை குட்டையாக, தடிமனாக இருந்தது. மேடையில் மணமக்கள் நாற்காலிகளில் தலைவரும் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிரிசில்லாவின் சைக்கிள், கழுத்தில் மாலையோடு.

சார்லஸ் அவள் காதில், "கிளம்பிடலாமா?" என்றான்.

"சைக்கிள எடுத்துக்கினு கிளம்பலாம்" என்றாள்.

ராமாமிர்தம் மைக்கைப் பிடித்தார். "வன்முறைக்குப் பேரவையில் இடமில்லை. இதை மறுப்பவர்கள் கை கால் முழுசாக வீடு போய்ச் சேர மாட்டார்கள்" என்று தொடங்கினார். பிறகு ஜனநாயகம் பற்றிப் பேசினார். தாம் தலைவரானது எந்தத் தேர்தலிலும் அல்ல என்பதால், எந்தத் தேர்தலாலும் தம்மை நீக்க முடியாது என்று விளக்கினார். செந்தமிழ்செல்வன் மைக்கைப் பிடுங்கி, "இன்னிக்கு முள்ளுன்னு சொல்றவன் நாளைக்கு ஹேண்டில்பாரே வேணாம்பான்" என்றார். முன்வரிசையில் ஒருவர், "வேணாம்! வேணாம்!" என்று உணர்ச்சிவசப்பட்டுக் கத்தினார். அவர் எந்த அணி என்று யாருக்கும் தெரியாததால் இரண்டு அணியும் சேர்ந்து அவரை அடித்தன.

அதன் பிறகு எதற்கும் வரிசை இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. பந்தி மேசை ஒன்றைத் தூக்கி நான்கு பேர் மேல் கவிழ்த்தார்கள். சாம்பார் வாளி ஒருவர் தலையில் தொப்பி போல் இறங்கி, அதற்குள்ளிருந்து அவர் தீர்மானத்தை வழிமொழிந்துகொண்டிருந்தார். மேடையில் ராமாமிர்தம் முள் வகை ரெஞ்சை இரண்டு கையாலும் ஓங்கிச் செந்தமிழ்செல்வனின் தோள்பட்டையில் இறக்கினார். காறை எலும்பு முறிந்தது. அடி விழுந்த கணத்தில் முள் இருபதைத் தாண்டியதைத் தம் கண்ணால் பார்த்ததாக அவர் பிற்பாடு போலீசில் வாக்குமூலம் கொடுத்தார். கருவியின் துல்லியத்துக்கு அதையே ஆதாரமாகவும் காட்டினார்.

செந்தமிழ்செல்வன் தரையில் விழுந்தபடியே க்ளிக் வகையைத் தலைவரின் முழங்காலுக்குக் கீழே வீசினார். 'க்ளிக்' என்ற சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. அது ரெஞ்சிலிருந்து வந்ததா எலும்பிலிருந்து வந்ததா என்பதில் பேரவையில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

பிரிசில்லா மேடை ஏறிவிட்டாள். மாலையை அறுத்தெறிந்து சைக்கிளைப் பிடித்தாள். கீழே கிடந்த செயலாளர் பின்சக்கரத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு, "சான்றுப் பொருள்! சான்றுப் பொருள்!" என்று அலறினார். அவள் குனிந்து, அவர் கையைக் கடித்தாள். தாடை வலித்தது. விடாமல் கடித்தாள். உப்புக் கரித்தது. கை விட்டது. சார்லஸ், வாழ்க்கையில் யாரையும் தள்ளியிராத சார்லஸ், துணி சுற்றிய ஹேண்டில்பாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குறுக்கே வந்த ஒருவரைத் தலையால் முட்டித் தள்ளி வழி செய்தான்.

வெளியே வந்தபோது போலீஸ் வந்திருந்தது. எஸ்.ஐ. ஸ்ரீமதி எல்லாரையும் நிலையத்துக்கு வண்டியேற்றினார். நடக்க முடியாதவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றினார்.

"எதுக்குச் சண்ட? சொத்தா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். டார்க் ரெஞ்ச்."

"யாரு அவன்?"

கொளஞ்சியப்பன் பல்லில்லாத வாயால் க்ளிக் வகைக்கும் முள் வகைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டு வகையையும் 'இரும்பு ஆயுதம்' என்று ஒரே தலைப்பில் சேர்த்தார். பேரவையின் வரலாற்றில் இரண்டையும் சமமாக நடத்தியவர் அவர் ஒருவர்தான்.

பிரிசில்லா நிலையத்து வாசலில் சைக்கிளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் இன்னும் ரத்த ருசி இருந்தது. தான் ஒரு மனிதனைக் கடித்தோம் என்று நினைத்தபோது புறங்கையால் வாயைத் துடைத்தாள். அடுத்த கணம், இன்னும் கொஞ்சம் கடித்திருக்கலாம் என்றும் தோன்றியது. அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு சைக்கிளைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஹேண்டில்பார் மாட்டும் இடத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த முடுக்க வேண்டிய அளவைப் படித்தாள். 5. சீட்டுக்குக் கீழே பார்த்தாள். அங்கேயும் 5.

"என்னாங்க, எல்லாமே அஞ்சுதான் போட்டிருக்கு" என்றாள்.

"அப்ப அஞ்சுக்கு மட்டும் ஒண்ணு இருந்தா போதும்ல" என்றான் சார்லஸ். நெற்றி வீங்கியிருந்தது.

அப்படி ஒன்று இருந்தது. ஐந்து நியூட்டன் மீட்டருக்கு மட்டும் செய்த, உள்ளங்கைக்குள் அடங்கும் சாவி. திருகி வைக்க வேண்டியதில்லை, முள்ளைப் பார்க்க வேண்டியதில்லை. ஐந்து வந்ததும் 'டக்' என்று தானே நழுவிக்கொள்ளும். ஆன்லைனில் ஆர்டர் போட்டாள். வேலையிடத்து விலாசத்துக்கே வந்து சேர்ந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆனால் கூரியர்க்காரர் பேரவையின் துணைத் தலைவர்களில் ஒருவர்.

ராமாமிர்தமும் செந்தமிழ்செல்வனும் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில்தான், ஒரே வார்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். செயலாளருக்குத் தோளில் கட்டு, கையில் பல்தடம். தலைவரின் காலுக்கு வெளியே இரும்புக் கம்பிகள் நிறுத்தி, நட்டுப் போட்டு முடுக்கியிருந்தார்கள்.

"டாக்டர், இது எத்தனை நியூட்டன் மீட்டர்ல முடுக்குனது?" என்று தலைவர் கேட்டிருக்கிறார்.

"கை அளவுதான் சார்" என்று சொல்லிவிட்டு எலும்பு டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார்.

தலைவரால் அதைத் தாங்க முடியவில்லை. பேரவை அங்கீகரிக்காத அளவில் முடுகிய காலோடு தாம் எப்படித் தலைவராக நீடிப்பது என்று கேட்டார். கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டு, போலீஸ் கையில் சிக்காத ஒரு முள் வகையைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு நட்டைத் தளர்த்தி, முறைப்படி மீண்டும் முடுக்க வேண்டும் என்பது உத்தரவு. கொளஞ்சியப்பன் வருத்தப்பட்டுக்கொண்டே தளர்த்தினார்.

அலறல் கீழே மருந்தகம் வரை கேட்டது. பிரிசில்லா மாடிக்கு ஓடினாள். தலைவரின் கால், கம்பியும் தானுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. கொளஞ்சியப்பனின் கை நடுங்கியதில் முள் எட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே ஆடியது.

"எட்டும்மா... இல்ல, ரெண்டு... கண்ணாடி எடுத்தாரலம்மா" என்று அழுதார்.

"அதத் தூக்கி அப்பால போடுங்க! சிஸ்டர், டாக்டர கூப்பிடுங்க, சீக்கிரம்!" என்று பிரிசில்லா கத்தினாள். குனிந்து இரண்டு கையாலும் காலை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். ராமாமிர்தம் அவள் தோளைப் பற்றினார். முகமெல்லாம் வியர்வை.

"உன்கிட்ட அஞ்சு இருக்காமே. கொண்டாம்மா. நீயே முடுக்கிவுடும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"காலுக்கெல்லாம் அது ஆவாது சார். ஆடாதீங்க. டாக்டர் வர்றாரு."

பக்கத்துக் கட்டிலிலிருந்து செந்தமிழ்செல்வன் எழுந்து உட்கார்ந்தார். "அது க்ளிக் வகை! தலைவர் க்ளிக் வகையக் கேட்டுட்டாரு! கொளஞ்சி, நீதான் சாட்சி!"

"அது க்ளிக் இல்லடா," என்றார் ராமாமிர்தம், வலியில் கண் செருக. "டக்!"

சொல்லிவிட்டுக் கையெட்டும் தூரத்தில் இருந்த சிறுநீர்ப் புட்டியை எடுத்து எறிந்தார். செயலாளர் ஒற்றைக் கையால் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி வீசினார். அது பிரிசில்லாவின் தலைக்கு மேலே போய், ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. அவள் காலை விடவில்லை. இந்த மனிதர் கத்துவதைக் கேட்க வேண்டும் என்று அவள் பல நாள் ஆசைப்பட்டிருந்தாள். இப்போது கேட்டாயிற்று. அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. வயதான கால், பச்சை நரம்பு புடைத்து, அவள் கைக்குள் உதறிக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்தார். கண்ணாடிச் சில்லுகளை மிதித்துக்கொண்டு வந்து, வலிக்கு ஊசி போடச் சொல்லி, எலும்பைப் பார்த்து, நட்டை ஸ்பேனரால் முடுக்கினார்.

"போதுமா சார்?"

"போதும், போதும்" என்றார் தலைவர். எத்தனை நியூட்டன் மீட்டர் என்று கேட்கவில்லை.

அன்று மாலை பேரவை தனது முதல் ஒருமனதான தீர்மானத்தை நிறைவேற்றியது. கட்டிலில் இருந்தபடியே தலைவர் முன்மொழிய, செயலாளர் நல்ல கையைத் தூக்கி வழிமொழிந்தார். கேள்வி கேட்டுப் பேரவையின் ஒற்றுமையைக் குலைத்ததற்காகவும், பொறுப்பாளர் ஒருவரைக் கடித்ததற்காகவும் பிரிசில்லா நிரந்தரமாக நீக்கப்பட்டாள். அவள் அப்போது கீழே, அவர்கள் இருவருக்குமான வலி மாத்திரைகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை சார்லஸ் புது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, அவள் குறுக்கு நெடுக்காக நான்கு போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். ஒவ்வொன்றும் ஐந்தில் நழுவியது.

"அவ்ளோதானா?" என்றான் சார்லஸ்.

"அவ்ளோதான்."

கடற்கரைச் சாலையில் ஏறி, முதலில் மெதுவாகப் போனாள். ஒரு வேகத்தடை வந்தது. கைகள் இறுகின. சக்கரம் ஏறி இறங்கியது. ஹேண்டில்பார் இருந்த இடத்தில் இருந்தது. அடுத்த வேகத்தடையை வேண்டுமென்றே வேகமாக ஏறினாள். பிறகு யாருமில்லாத சாலையில், காரணமில்லாமல், சத்தமாகச் சிரித்தாள்.

தண்ணீர் குடிக்க நின்றபோது போனில் ஒரு செய்தி வந்திருந்தது. பேரவையில் புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவர். "மேடம், மன்னிக்கவும். குழுவில் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. வீட்டில் டயருக்குக் காற்றடிக்க எந்தப் பம்ப் நல்லது?"

பிரிசில்லா சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பதில் எழுத ஆரம்பித்தாள். பார்த்தால் நல்லவராகத்தான் தெரிந்தார். எழுதியதை அழித்தாள். அவர் பல்லாவது தப்பட்டும் என்று நினைத்து, அந்த எண்ணையே பிளாக் செய்துவிட்டு, பெடலை மிதித்தாள்.